நதியா சொன்ன படம்

முனீஸின் கனவில் உப்பளம் அடிக்கடி வரும். அவன் உப்பளத்தைப் பார்த்ததில்லை. உப்பளம் என்ன, எதையுமே பார்த்ததில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் கனவு மட்டும் ஊரில் யாருக்கும் குறைவில்லாமல் வந்தது. ப்ளீச் போட்டுக் காய்ந்த பனியன் துணி, வெட்டாமல் தைக்காமல், கை போகிற தூரத்துக்கெல்லாம் விரிந்து கிடக்கும். அதுதான் உப்பு. அதன்மேல் இளஞ்சூடு இருக்கும், அது வெயில். ஓரத்தில் துணி நனைந்து குளிர்ந்திருக்கும். அது கடல், அதுதான் நீலம். நடுவில் ஒருத்தி நிற்பாள், அவள் நிற்கிற இடத்தில் துணி லேசாகக் குழிந்திருக்கும். எங்கோ தூரத்திலிருந்து ஒரு ஆள் அவளை நோக்கி நடந்து வருவான். ஒவ்வொரு அடிக்கும் துணி ஒரு தரம் அதிரும். அதிர்வு கிட்டே, கிட்டே வந்து, அவன் அவள் கையைப் பிடிக்கிற நேரத்தில் முனீஸ் விழித்துக்கொள்வான். விழித்துப் பார்த்தால் வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அது அவன் சொந்தக் கனவு இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் நதியா அவனுக்குச் சொன்ன ஒரு சினிமாவின் கடைசிக் காட்சி.

இருவரும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரே பனியன் கம்பெனி. அவன் சட்டைகளை மடித்துக் கவரில் போடுகிற பிரிவு. அவள் செக்கிங். தைத்து வந்த சட்டையைக் குழல்விளக்கின் கீழ் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குற்றம் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, திருத்தித் தைக்கிற ஆல்டர் பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டும். நதியாவின் கண்ணுக்குத் தப்பிய குற்றம் கிடையாது. "இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தா அவன் நெத்தியிலயும் ஒரு ஸ்டிக்கர்தான்" என்று மேசையே கேலி செய்யும்.

ஆயுத பூஜை லீவில் கம்பெனி ஆட்கள் கூட்டமாகப் படத்துக்குக் கிளம்பினார்கள். பெரிய படத்துக்கெல்லாம் டிக்கெட் இல்லை. நாலு நாள்கூட ஓடப்போகாத ஒரு படத்துக்குத்தான் கிடைத்தது. முனீஸும் போனான். வழக்கமாகவே போவான். வசனம் கேட்பான், பாட்டுக் கேட்பான், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்து வைப்பான். அன்றைக்குப் பார்த்து அந்தப் படத்தில் யாரும் வாயையே திறக்கவில்லை. உப்பு ஏற்ற வருகிற ஒரு லாரிக்காரன், உப்பு வாருகிற ஒரு பெண், காற்று, வயலின். அவ்வளவுதான் அவன் காதுக்கு வந்தது. அரைமணி நேரம் பொறுத்தான். பிறகு பக்கத்து சீட்டுப் பக்கம் குனிந்து, "என்னங்க நடக்குது?" என்றான்.

பக்கத்து சீட்டில் இருந்தவள் நதியா.

"ஒரே உப்பா கெடக்கு. வெள்ளை வெளேர்னு."

"வெள்ளைன்னா?"

இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "முந்தாநேத்து மடிச்சீங்கல்ல, ப்ளீச் துணி, மொடமொடன்னு? அது" என்றாள். அப்புறம் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. பெண்ணின் முகம் நல்ல இன்டர்லாக் துணி, உள்ளும் வெளியும் ஒரே வழுவழுப்பு. லாரிக்காரன் முகம் ரிப், வரிவரியாக, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். தொழில் புத்தியும் இடையிடையே எட்டிப் பார்த்தது. "சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல பாருங்க. இந்தா, அடுத்த சீன்ல வந்துருச்சு. நடுவுல எவன் தைச்சான்?" முனீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். முதன்முறையாக, என்னவென்று தெரிந்து சிரித்தான்.

கடைசியில் லாரி கிளம்பியபோது அவனால் தாங்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான். அப்போதுதான் அவள் காதோடு சொன்னாள்: லாரி நிற்கிறது, அவன் இறங்குகிறான், உப்பின்மேல் நடந்து வருகிறான், கையைப் பிடிக்கிறான். அடுத்த தை மாதம் முனீஸுக்கும் நதியாவுக்கும் கல்யாணம்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் படம். நதியா சொல்லச் சொல்ல முனீஸின் தலைக்குள் ஒரு திரை ஓடும். குளிருக்குப் போடுகிற ஃபிளீஸ் துணியின் பஞ்சுப் பக்கம்போல மெத்துமெத்தென்று மலைகள் எழும்பும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டோடு சிவப்புச் சேலைகள் கடந்து போகும். முன்வரிசைக்காரர்களுக்குத்தான் இது பெரிய இம்சை. "ஏம்மா, படத்துக்கு டிக்கெட் வாங்கினமா, உன் வாயிக்கு வாங்கினமா?" என்று எவராவது திரும்புவார்கள். ஒருநாள் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போனான். "கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கு சினிமா? வீட்ல ரேடியோ இல்லையா?"

நதியா எழுந்துவிட்டாள். முனீஸ் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். இந்த மாதிரிப் பேச்சு அவனுக்குப் பழகிய கொசுக்கடி. ஆனாலும் இடைவேளைவரை நதியா மேற்கொண்டு படம் சொல்லவில்லை. அவன் தலைக்குள் திரை இருட்டாகவே கிடந்தது.

இடைவேளையில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் பிரிசில்லா, குன்னத்தூர்க்காரர், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர்.

"ஏனுங்க, தப்பா நினைக்காதீங்க. முதல் பாதி பூராவும் நான் திரையைப் பார்க்கவே இல்லீங்க. கண்ணை மூடிக்கிட்டு உங்க ஊட்டம்மா சொல்றதைத்தான் கேட்டுட்டு இருந்தனுங்க. அந்த ஆளு வாயை மூட வச்சதுல எனக்கும் நஷ்டமுங்க."

அவரும் சில நண்பர்களும் கோவையில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பார்வை இல்லாதவர்கள் பார்க்கிற மாதிரி, படங்களுக்கு விளக்கக் குரல் போடுகிற வேலை. முதல் படத்துக்கு அனுமதியும் வாங்கி, விளம்பரங்களுக்குப் பேசுகிற செந்தில்வேல் என்பவரைப் பேசவைத்துப் பதிவும் செய்தாகிவிட்டது. "அருமையான குரலுங்க. ஆனா எங்க பசங்க கேட்டுப்போட்டு, 'டீச்சர், செய்தி கேட்ட மாதிரி இருக்குது, படம் வரல'ங்கறாங்க. நீங்க ஒருக்கா பேசிப் பாருங்க கண்ணு. ஞாயித்துக்கெழமை காலையில, இருவது பேரு வருவாங்க. அவங்க சொல்றதுதான் முடிவு."

"என்ன படங்க?" என்றான் முனீஸ்.

அவர் சொன்னார். உப்பளப் படம்!

முனீஸுக்குத் தலைகால் புரியவில்லை. அவனும் நதியாவும் சேர்ந்து பார்த்த முதல் படம். நதியா மட்டும், "வேண்டாம் டீச்சர், எம் பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சு" என்று முனகினாள். வெட்கப்படுகிறாள் என்று முனீஸ் நினைத்தான். அவளுக்குப் பதிலாக அவனே சரி என்று சொல்லிவிட்டான். டீச்சர் செந்தில்வேலின் பதிவை அவன் போனுக்கு அனுப்பினார். "நீங்களும் கேட்டு, குறையிருந்தா சொல்லுங்க. இந்த மாதிரி வேலையில முதல்ல உங்களைக் கேட்கோணும்."

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து முனீஸ் அதைக் கேட்டான். கடைசிக் காட்சி வந்தது. காற்று, வயலின். அவன் அந்தக் காலடிகளுக்காகக் காத்திருந்தான்.

"லாரி நெடுஞ்சாலையில் ஏறுகிறது. சிறியதாகிறது. மறைகிறது. பெண் குனிந்து, உப்பை வாரத் தொடங்குகிறாள். திரை இருள்கிறது."

திரும்பப் போட்டான். மறுபடியும் லாரி மறைந்தது. மூன்றாம் தரமும் மறைந்தது. செந்தில்வேல்தான் எதையோ விட்டுவிட்டார் என்று டீச்சருக்குப் போன் போட்டான்.

"டீச்சர், கடைசியில அவரு எறங்கி நடந்து வருவாருல்ல?"

"இல்லீங்களே. லாரி நிக்கவே நிக்காதுங்க. அதுதானுங்க படமே."

அன்று மத்தியானம் அவன் மடித்த சட்டைகளில் பாதி கோணலாகப் போயின. சூப்பர்வைசர் சத்தம் போட்டது காதில் விழவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் அவனுக்கு முதல் பரிசு என்று ஒரு சோப்புப் பெட்டி கொடுத்தார்கள். மூன்று வருடம் அதை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தான். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்குத் தடத்தில் ஓடியது அவன் ஒருவன் மட்டும். மற்ற பையன்கள் ஓரமாக நின்று கைதட்டியிருக்கிறார்கள். அவனைச் சுற்றியிருந்த நல்ல மனசுக்காரர்கள் எல்லாருமே உலகத்தை, குழந்தைக்கு மீன் வைக்கிற மாதிரி முள்ளெடுத்துத்தான் அவன் இலையில் வைத்தார்கள். நதியா ஒருத்திதான் முள்ளோடு வைக்கிறவள் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் அவளைக் கட்டினான்.

வேலை முடிந்து திருப்பூர் ராயபுரத்தில் இருந்த வீட்டுக்கு நடந்தார்கள். அவன் கை வழக்கம்போல அவள் தோளில் இருந்தது.

"லாரி நிக்கலையாமே" என்றான்.

அந்தத் தோள் அப்படியே நின்றுவிட்டது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைக்க முடியும்?

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீக மாமா" என்றாள். "பக்கத்துல ஒரு ஆளு அந்த மாதிரி அழுறப்போ எப்படிச் சொல்ல? வாயில வந்துருச்சு, சொல்லிட்டேன். ஒடனே சிரிச்சீக. பெறகு எப்படி மாத்த?"

"எத்தனை படத்துல?"

"அஞ்சு. அந்தத் தாய் சாகுற படம்... அதுலயும்."

எந்த ஐந்து என்று அவன் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவன் தலைக்குள் கட்டி வைத்த இன்னும் நாலு படம் இடியும்.

"ஒரு சட்டையில ஊசி ஓட்டை இருந்தாக்கூட விடமாட்ட. எங்கயோ வெளிநாட்டுல எவனோ போடப்போற சட்டை. எனக்கு மட்டும் ஆல்டர் பண்ணியே குடுத்திருக்க."

"ஆசையிலதான் மாமா செஞ்சேன்."

"எல்லாரும் ஆசையிலதான் புள்ள செஞ்சாக."

அவள் நடுரோட்டில் அழுதாள். அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, கைத்தடியை விரித்துத் தட்டிக்கொண்டு தனியாக நடந்தான். பஸ்ஸும் ஆட்டோவும் உறுமுகிற அந்த ரோட்டில், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. பத்தடி பின்னால் அவள் செருப்புச் சத்தம் வீடுவரை வந்தது.

அன்றும் உப்பளம் கனவில் வந்தது. துணி விரிந்து கிடந்தது. சூடு இருந்தது, ஈரம் இருந்தது, அவள் நின்ற குழிவும் இருந்தது. வெகுநேரம் காத்திருந்தும் துணி அதிரவே இல்லை.

சனிக்கிழமை காலையில் நதியா, "டீச்சருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிருதேன்" என்றாள்.

"போ" என்றான் முனீஸ். "போய் உள்ளதைச் சொல்லு. வாரவுக இருவது பேருல எவனும் உன் புருசன் இல்ல. எவனுக்கும் நீ பாவம் பாக்க வேண்டாம்."

"நீங்க?"

"நானும் வருவேன். யாரோ ஒருத்தன் மாதிரி பின்னாடி உக்காந்துக்கிடுவேன்."

ஞாயிறு காலை. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில் திரை கட்டியிருந்தார்கள். காங்கேயத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலிகள் உராய்கிற சத்தம், மடக்குகிற கைத்தடிகளின் சத்தம். முனீஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் கன்னையன் என்று ஒரு பெரியவர். அரிசி மில்லில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுக்குமேல் சர்க்கரை நோயில் பார்வை போனவர். "படம் பார்த்து எட்டு வருசம் ஆச்சுங்க" என்று தானாகவே சொன்னார்.

நதியா மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். கையில் கோவைக் குழு அனுப்பிய தாள் இருந்தது. பொதுத் தமிழில் பேச வேண்டும். சொந்த அபிப்பிராயம் கூடாது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பரந்த... பரந்த உப்பளம். ஓர் லாரி வந்து கொண்டு இருக்கிறது. ஓட்டுநர் இறங்குகின்றார்."

மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளைபோல இருந்தது. முனீஸ் நெளிந்தான். கோபம் இருந்தும் அவனுக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. ஹாலில் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கன்னையன் உரக்கக் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

ஹால் கொல்லென்று சிரித்தது. பிரிசில்லா டீச்சரின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மைக்கில் தாள் கசங்குகிற சத்தம் வந்தது.

"இல்லங்க" என்றாள் நதியா. "அவருக்கு வேற மாதிரி சொல்லுவேன்."

அதன்பிறகுதான் படம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். உப்பு ப்ளீச் துணியானது. லாரிக்காரன் முகம் ரிப் ஆனது. இரண்டாவது பட்டன் காணாமல் போய்த் திரும்ப வந்தபோது இருபது பேரும் சிரித்தார்கள். கன்னையன் தொடையைத் தட்டிக்கொண்டு, "கரெக்டுங்க, கரெக்டுங்க" என்றார். அப்புறம் சிரிப்பும் நின்றது, இருமலும் நின்றது. வெளியே ரோட்டில் லோடு வண்டி போகிற சத்தம்கூட எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இருந்தது. முனீஸின் தலைக்குள் துணி மெல்ல மெல்ல விரிந்தது. தன்னோடு இன்னும் இருபது பேர் அந்த உப்பின்மேல் வெறுங்காலோடு நிற்பதாக அவனுக்குத் தோன்றியது.

கடைசிக் காட்சி வந்தது.

"லாரி கெளம்பிருச்சு. தார்ப்பாயில ஒரு மூலை அவுந்து காத்துல அடிக்கி. ரோட்டுல ஏறுது. தூரம் போகப் போக சத்தம் கொறையும்ல, அதே மாதிரி உருவமும் கொறையும். மொத ஒரு வீடு அளவு இருந்துச்சு. இப்ப ஒரு பெட்டி அளவு. இப்ப கைக்குள்ள அடங்குது."

அங்கே நிறுத்தினாள். வயலின் மட்டும் இழுத்தது.

முனீஸ் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். உள்ளதைச் சொல் என்று வீறாப்பாகச் சொன்னவன்தான். ஆனால் இந்த நேரத்தில் அவன் நெஞ்சு கிடந்து கெஞ்சியது. நிறுத்திவிடு புள்ள, எப்படியாவது அந்த லாரியை நிறுத்திவிடு.

"நிக்கல" என்றாள் நதியா. "கைக்குள்ள ஒண்ணும் இல்ல இப்ப. அவ அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கா. அழல. உதட்டை உள்ள மடிச்சுக் கடிச்சிருக்கா. பெறகு திரும்புறா. குனியிறா. உப்பு வாருறா. முதுகுல ரவிக்கைத் தையல் ஒரு எடத்துல விட்டுருக்கு, நாலு வெரல் நீளம். வேர்வை காஞ்சு அதுல உப்புப் பூத்துருக்கு. அது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவளுக்கு யாரும் இல்ல. இருட்டிருச்சு."

யாரும் கைதட்டவில்லை. கன்னையன் மூக்கை உறிஞ்சினார். முனீஸின் விரல்களுக்கு அந்த விட்ட தையல் தட்டுப்பட்டது, நாலு விரல் நீளம், ஓரத்தில் பிசிறு, நெருடுகிற உப்பு. ஐந்து வருடமாக அவன் கனவில் நின்றவளுக்கு முதுகே இருந்ததில்லை. நடந்து வருகிறவனையே கவனித்துக்கொண்டிருந்ததில் அவளை அவன் பார்க்காமலே விட்டிருக்கிறான். அவன் அழுதான். கையைப் பிடிக்க யாரும் வராத அழுகை. ஆனால் அது அவனுக்கே அவனுக்கானது, யாரும் திருத்திக் கொடுக்காதது.

யார் குரல் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கை தூக்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவராக வாயால் சொன்னார்கள். ஒரு அம்மா மட்டும் அந்த ஆம்பளைக் குரலே கம்பீரமாக இருந்தது என்றார். மற்றவர்கள் எல்லாரும் இந்தப் பெண்ணே பேசட்டும், இப்படியே பேசட்டும் என்றார்கள். முனீஸின் முறை வந்தது. "அவங்கதான்" என்று மட்டும் சொன்னான். கோவைக்கு நானே எழுதுகிறேன், அடுத்த மூன்று படத்துக்கும் தயாராக இருங்கள் என்று டீச்சர் நதியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

படி இறங்கி வெயிலுக்கு வந்தார்கள். அவன் கையை நீட்டித் துழாவினான். அவள் தோளை அதன் கீழே கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"நதியா."

"ம்."

"இப்ப எம் மூஞ்சி எப்படி இருக்கு?"

அவள் நின்று, திரும்பி, குழல்விளக்கின் கீழ் சட்டையைப் பார்க்கிற மாதிரி நிதானமாக அவனைப் பார்த்தாள். "நல்லாவே இல்ல மாமா" என்றாள். "கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. மூக்கு செவந்து ஒழுகுது. தாடையில சவரம் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு. கோவமா இருக்கீகளா இல்லையான்னு பாத்தா தெரியல. அதான் பயமா இருக்கு எனக்கு."

முனீஸ் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான்.

"இன்னும் சொல்ல இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு" என்றான்.